பின்வரிசை ஒன்பது

கெர்லான் வட்டாரத்தில் அந்த விதைப்பு எந்திரத்துக்குச் சீமாட்டி என்று பெயர். ஒன்பது பண்ணைக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து, வேறு எங்கோ பத்து வருஷம் உழைத்துத் தேய்ந்ததைப் பார்த்து வாங்கியது. கலப்பை போடாமல், போன போகத்தில் அறுத்த பயிரின் தாளைக் கலைக்காமல், மண்ணை மெல்லக் கீறி விதையை உள்ளே இறக்கி மூடிவிட்டுப் போகும். தனியாக வாங்க அவர்களில் ஒருவருக்கும் வக்கில்லை. சேர்ந்து வாங்கியதில் ஒன்பது பேருமே முதலாளிகள் ஆகிவிட்டார்கள். அதனால் போகிற வீட்டிலெல்லாம் அதற்கு மாப்பிள்ளை உபசாரம்தான்.

ஒரு பண்ணையில் வேலை முடிந்ததும், முடித்தவர் விதைத் தொட்டியைக் காலிசெய்து, முன்வரிசைக் குழாய் ஒன்பது, பின்வரிசைக் குழாய் ஒன்பது, ஆக மொத்தம் பதினெட்டையும் தூரிகை விட்டுத் துலக்கி, அடுத்த வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வாங்கிக்கொள்பவர் குனிந்து குழாய் குழாயாகப் பார்க்க வேண்டும். இது சங்கத்து விதி. ஆனால் யாரும் குனிந்ததில்லை. பல வருஷம் பழகிய மனுஷன் எதிரில் நிற்கும்போது குனிந்து பார்ப்பது, ‘உன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று முகத்துக்கு நேராகச் சொல்வதுபோல. பார்ப்பதற்குப் பதிலாக உள்ளே கூப்பிட்டுக் கிண்ணம் நிறையக் காப்பி கொடுப்பார்கள். உப்பு வெண்ணெய் தடவிய ரொட்டியோடு அதைக் குடித்துவிட்டுப் போனால் கைமாற்றம் முடிந்தது என்று அர்த்தம்.

இரண்டு அக்டோபராக எர்வே கல்வெஸ் மட்டும் மாரிவோன் வீட்டில் காப்பி குடிக்கவில்லை. சீமாட்டியை இழுத்துவந்து படலுக்கு வெளியே நிறுத்துவான், கொக்கியைக் கழற்றுவான், டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். அடுக்களை ஜன்னலிலிருந்து அவள் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

மாரிவோனுக்கு ஐம்பத்தேழு வயது. புருஷன் ஜோப் போன வருஷம் பிப்ரவரியில் நுரையீரல் நோயில் போய்ச் சேர்ந்தான். பிள்ளைகள் இல்லை. ஐம்பது மாடுகளில் பாதியை விற்றுவிட்டாள். மிச்சத்தைக் கறந்து, கழுவி, தீனி போட்டு முடிப்பதற்குள் பொழுது போய்விடும். பால் வண்டிக்காரன் மூன்று நாளுக்கு ஒருமுறை வருவான். குழாயை மாட்டுவான், காதில் எதையோ செருகிக்கொண்டு பாட்டுக் கேட்பான், குழாயைப் பிடுங்குவான், போவான். தபால்காரி வண்டியை விட்டு இறங்குவதே இல்லை. மாடுகளோடு, பிறந்த மண்ணின் பேச்சான பிரெத்தோன் மொழியில் பேசுவாள் மாரிவோன். அரசாங்கத்துக் காகிதங்களைத் திட்டும்போது பிரெஞ்சு. வேறு பேச்சு கிடையாது. அப்பத்துக்குக் கருங்கோதுமை மாவு கரைத்தால் இன்னமும் இரண்டு பேருக்கான அளவுதான் கைக்கு வருகிறது. ஒரு ஆளுக்குக் கரைக்கத் தெரியாமல், மிச்ச மாவு புளித்துப் புளித்துக் கோழிகளுக்குப் போகிறது. கோழிகள் மட்டும் அந்த வீட்டில் கொழுத்துக்கொண்டிருந்தன.

எர்வேயின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை முழுதாக அறிந்தவள் உலகத்தில் ஒருத்திதான்.

மூன்று வருஷம் முன்னால் ஒரு அக்டோபர் சாயங்காலம். ஜோப்பும் அவளும் மேட்டுச் சரிவில் வாற்கோதுமை விதைத்து முடித்திருந்தார்கள். விதை சொந்தக் களஞ்சியத்தில் எடுத்துவைத்தது. அதில் நரிவால் புல் என்ற களையின் விதை கலந்திருந்தது இருவருக்கும் தெரியும். தங்கள் நிலத்தில் ஏற்கெனவே இருக்கிற சனியன்தானே என்று விட்டுவிட்டார்கள். மறுநாள் மழை வருவதாக வானொலி சொன்னது. அதற்குள் எர்வே விதைக்க வேண்டும். ஜோப் முன்வரிசை ஒன்பதையும் துலக்கினான். பின்வரிசைக்கு மண்டியிட்டுக் கையை உள்ளே விட வேண்டும். அவன் கை பெரியது, அதனால் அது எப்போதும் மாரிவோன் வேலை. தூறிக்கொண்டிருந்தது. முழங்கால் சேற்றில் விறைத்தது. இரண்டு குழாயைத் துலக்கினாள். மூன்றாவதில் தூரிகை சிக்கியது. பிடுங்கிக்கொண்டு எழுந்து நின்று இடுப்பைப் பிடித்தாள். அப்போது ஜோப் டிராக்டரைப் பின்னால் எடுத்துக்கொண்டு வந்தான்.

“பின்னாடி ஒம்பதும் தேச்சாச்சா?” என்றான்.

“தேச்சாச்சு” என்றாள்.

அவ்வளவுதான். பெரிய காரணம் ஏதாவது அகப்படுமா என்று அவள் பிறகு எத்தனையோ முறை தேடிப்பார்த்தாள். கன்று போடுகிற மாடு இல்லை, அடுப்பில் தீய்கிற சட்டி இல்லை. குளிர், முழங்கால், சலிப்பு. அன்றைக்கு இருந்தது இவ்வளவுதான்.

ஏப்ரலில் எர்வேயின் கோதுமை முழங்கால் உயரம் வந்தபோது, வயலின் வாயிலிலிருந்து ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக, பின்வரிசைக் குழாய் போன தடத்தில், நரிவால் புல் நின்றது. தெளித்ததுபோல இல்லை, நூல் பிடித்ததுபோல. எர்வே எட்டு வருஷமாகக் கலப்பை தொடாதவன். களைக்கொல்லியும் அடிக்காதவன். மண்வெட்டியால் ஒரு கட்டி பெயர்த்து, உள்ளே நெளிகிற மண்புழுவை எண்ணி, வந்தவன் போனவனிடமெல்லாம் காட்டிப் பெருமைப்படுகிறவன். அவனும் அவன் பெண்டாட்டியும் ஒரு மாதம் குனிந்து கையால் பிடுங்கினார்கள். அடுத்த வருஷம் இரண்டு பங்காக வந்தது. கடைசியில் வேறு வழி இல்லாமல் கலப்பை போட்டு அத்தனை மண்ணையும் புரட்டினான். அன்றைக்கு அவன் அழுதான் என்று ஊரில் சொன்னார்கள்.

முதல் வருஷ மே மாதக் கூட்டத்திலேயே விஷயம் வெடித்துவிட்டது. வரிசையாக நிற்க விதைக்குச் சொல்லியா கொடுத்தார்கள் என்று எர்வே கேட்டான். ஜோப் எழுந்து நின்று, பின்வரிசையைத் துலக்கியது என் பெண்டாட்டி, அவள் ஒன்றைச் செய்தேன் என்றால் செய்ததுதான், என் தாய் மேல் ஆணை என்றான். சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்த இருவர். எல்லார் முன்னாலும் எர்வே அவனைப் பொய்யன் என்றான். துலக்காமல் கைமாற்றினால் இரண்டு போகத்துக்கு எந்திர முறை கிடையாது என்பது விதி. ஆனால் ஜோப் ஆணையிட்ட பிறகு கை தூக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவன் வீட்டுக்குப் பிறகு எனக்கு முறை வேண்டாம், முன்னால் போடுங்கள் என்று எர்வே கேட்டுக்கொண்டான். அப்படியே போட்டார்கள். அன்று முழுக்க மாரிவோன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை.

ஜோப்பின் சவ அடக்கத்தன்று எர்வே தேவாலயத்துக்குள் வரவில்லை. வெளியே மதிலோரம் மழையில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான், பெட்டி வெளியே வருவதற்குள் போய்விட்டான்.

இந்த அக்டோபர் முதல் வாரத்தில் நோல்வென் வந்தாள். சங்கத்துச் செயலாளர். முப்பத்தைந்து வயது, ஆடு வளர்க்கிறாள், எதையும் சுற்றி வளைக்கத் தெரியாத பெண். வந்த வேகத்தில் மேசையருகே உட்கார்ந்து, கிண்ணத்தைக் கையில் வாங்கி, குடிக்காமல் வைத்தாள்.

“மாரிவோன், உங்ககிட்ட நேராவே சொல்லிடறேன். கடைக்கோடிப் பண்ணைக்காரர் ஓய்வு வாங்கிட்டார்ல, இப்ப நாம எட்டுப் பேர்தான். சீமாட்டிய ஊரைச் சுத்தி இழுத்துக்கிட்டு அலையறதுல நாள் வீணாப் போகுது. அதனால வீடு இருக்கிற வரிசைல முறைய மாத்திப் போட்டேன். உங்களுக்கு அடுத்து எர்வே.”

“அவன் என்ன சொன்னான்?”

“அந்த வீட்டுக் கையிலேர்ந்து வாங்க மாட்டேன், சங்கத்த விட்டே போறேன்னுட்டார். அவர் போனா ஏழு பேர். ஏழு பேரால அதப் பழுது பார்த்து வச்சுக்க முடியாது. வித்துட வேண்டியதுதான். நாளன்னிக்குக் கூட்டம் போட்டிருக்கேன், நீங்களே ஒரு வார்த்தை அவர்கிட்ட பேசிப் பாருங்க. செத்தவர் மேல இன்னும் எவ்வளவு நாள் கோபம்.”

நோல்வென் போனபின் மாரிவோன் பின்கதவைத் திறந்துகொண்டு மேட்டுச் சரிவுக்கு நடந்தாள். தென்மேற்கிலிருந்து தூறல் சாய்ந்து விழுந்தது. கலப்பை போட்ட காலத்தில், கனமழை பெய்தால் இந்தச் சரிவு கரைந்து செம்பழுப்பாக ஓடிக் கீழே எர்வேயின் வேலியில் போய்த் தேங்கும். ஜோப் வண்டியில் மண்ணை ஏற்றித் திரும்ப மேலே கொட்டுவான். சீமாட்டி வந்த இந்தப் பத்து வருஷத்தில் ஓட்டம் நின்றுவிட்டது. காலடியில் மண் பஞ்சுபோல அமுங்கியது. தாளைப் புரட்டினால் புழு.

வாயைத் திறந்தால் இரண்டு போகம் முறை போய்விடும். பக்கத்து வட்டாரத்துக் கலப்பைக்காரனைத்தான் கூப்பிட வேண்டும், பத்து வருஷத்து மண் ஒரே குளிர்காலத்தில் கீழே போகும். திறக்காவிட்டால் எட்டுப் பேர் கையை விட்டும் சீமாட்டி போய்விடும். இது கணக்கு. கணக்குக்கு அப்பால் ஜோப் இருந்தான். சொல்லாத பொய்க்குப் பொய்யன் பட்டம் சுமந்துகொண்டு, தேவாலயத்துக்குப் பின்னால் படுத்திருந்தான். அப்படியே வேலிச் சந்தில் இறங்கி எர்வே வீட்டுக்குப் போனாள்.

எர்வே கொட்டகையில் சங்கிலிக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கை நின்றது. உட்காரச் சொல்லவில்லை.

“நோல்வென் அனுப்பினாளா?” என்றான்.

“இல்ல. நானா வந்தேன். எர்வே, அன்னிக்குப் பின்வரிசைய நான் தேய்க்கல. ரெண்டு குழாய்தான் தேச்சேன். ஜோப் கேட்டப்ப தேச்சாச்சுன்னு சொன்னேன். அவனுக்குத் தெரியாது.”

எர்வே சங்கிலியைத் தரையில் வைத்தான். கையைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

“அவனுக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

“கடைசி வரைக்குமா?”

“ஆஸ்பத்திரில ஒருநாள் கேட்டான். மூச்சு வாங்குது, அந்த நேரத்துல கேக்கறான், பின்னாடி ஒம்பதும் தேச்சேல்லன்னு. தேச்சேன்னேன். அப்ப எர்வேதான் தப்புன்னு சொல்லிட்டுக் கண்ண மூடிக்கிட்டான்.”

எர்வே திட்டுவான் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் மனசைத் திடப்படுத்தியிருந்தாள். அவன் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

“எல்லார் முன்னாடியும் பொய்யன்னு சொன்னேன்டி அவன,” என்றான். “அவன் சாகக் கெடக்கறப்ப ரெண்டு தடவ ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துட்டு வண்டியத் திருப்பிக்கிட்டேன். முதல்ல அவன் ஒத்துக்கட்டும்னு. ஒத்துக்க அவன்கிட்ட என்ன இருந்துச்சு?”

“என்னாலதான்.”

“ஆமா, உன்னாலதான். இத ஏன் இப்ப வந்து சொல்ற? இவ்வளவு நாளும் அவன் மேல கோபமாவாவது இருந்தேன். இனிமே நான் என்ன பண்றது, சொல்லு.”

அவன் மறுபடி சங்கிலியை எடுத்தான். அவளைப் பார்க்காமல் பேசினான்.

“எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அன்னிக்கு எத்தன பேர் முன்னாடி அவன் நின்னானோ அத்தன பேர் முன்னாடியும் போய்ச் சொல்லு.”

சொன்னாள். நோல்வென் வீட்டு ஆட்டுக் கொட்டகையில், காலை பத்து மணிக்கு, பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்த ஏழு பேர் முன்னால் எழுந்து நின்று, எர்வேயிடம் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னாள். எப்போதும் வாய் ஓயாத கொராந்தேன்கூடக் புகைக்குழாயில் புகையிலை அடைப்பதை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம் அவன்தான் முதலில் பேசினான். விதிப்படி எர்வே அன்றைக்குக் குனிந்து பார்த்திருக்க வேண்டும் அல்லவா, பார்த்திருந்தால் இவ்வளவும் உண்டா என்று கேட்டான்.

“ஜோப் வேலையக் குனிஞ்சு பாக்கறதா?” என்றான் எர்வே. “நீ பாப்பியா?”

கொராந்தேன் பார்க்க மாட்டான். அங்கே இருந்த யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நோல்வென் விதியைப் படித்தாள். இரண்டு போகம். செத்தவரையும் தனியாக இருக்கிற பெண்பிள்ளையையும் வைத்துக் கொஞ்சம் குறைக்கலாம் என்று யாரோ முனகினார்கள். குறைக்க வேண்டாம் என்றாள் மாரிவோன். கை தூக்கச் சொன்னபோது முதல் கை எர்வேயுடையது. இரண்டாவது கை அவளுடையது. அவளும் சங்கத்து உறுப்பினர்தானே. வெளியே வந்தபோது எல்லோரும் தலையசைத்தார்கள், ஆனால் ஒருவரும் கூட நடந்து வரவில்லை. கொராந்தேன் மட்டும் தொப்பியைத் தொட்டு, பார்த்துப் போ, வழுக்குது என்றான்.

அடுத்த வாரம் சீமாட்டி அவள் படலைத் தாண்டிப் போயிற்று. முறையில் அவளுக்கு முன்னால் இருந்த கொராந்தேன் அதை நேராக எர்வே வீட்டுக்கு இழுத்துப் போனான். சக்கரம் கல்லில் ஏறி இறங்குகிற சத்தம் அவளுக்குத் தொலைவிலிருந்தே தெரியும். அடுப்படியில் நின்று அந்தச் சத்தம் வந்து, கடந்து, தேய்ந்து போகும்வரை கேட்டாள். காப்பிக்குத் தண்ணீர் வைத்திருந்தது பிறகுதான் நினைவு வந்தது. வருஷத்தில் ஒருநாள் ஒருவர் உள்ளே வரலாம் என்று எதிர்பார்த்திருக்க இருந்த ஒரே காரணமும் போயிற்று. அன்றைக்கே கலப்பைக்காரனுக்குத் தொலைபேசி செய்தாள். வியாழக்கிழமை வருவதாகச் சொன்னான்.

புதன்கிழமை காலையில் மாடுகளை வெளியே ஓட்டிக்கொண்டிருந்தபோது படல் திறக்கும் சத்தம் கேட்டது. எர்வேயின் டிராக்டர். பின்னால் சீமாட்டி. படலுக்கு உள்ளே, முற்றத்துக்கு நடுவில் வந்து நின்றது.

“விதை எங்க?” என்றான், இறங்காமலே.

“எர்வே, எனக்கு முறை இல்ல.”

“எனக்கு இருக்கில்ல. என் முறைல இன்னும் அரை நாள் கெடக்கு. அத எங்க ஓட்டறதுன்னு விதில எழுதல, நோல்வென்கிட்டயும் கேட்டுட்டேன். நாளைக்கு நீ அந்தக் கலப்பைக்காரன விட்டேன்னா உன் மண்ணு மொத்தமும் என் வேலிக்குத்தான் வரும். எனக்கு வேற வேல இல்லயா?”

அவள் விதை மூட்டைகளைக் காட்டினாள். இந்தத் தடவை கடையில் வாங்கிய விதை, சலித்தது. எர்வே ஒரு கைப்பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தொட்டியில் கொட்டினான். அவள் கலப்பைக்காரனுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதற்குள் அவன் சரிவில் ஏறியிருந்தான். மதியம்வரை மேலும் கீழும் போய்வந்தான். அவள் வேலியோரம் நின்று பார்த்தாள். எந்திரம் போன இடத்தில் மண் திறந்த அடையாளம்கூட லேசாகத்தான் தெரிந்தது.

முற்றத்துக்குத் திரும்பியதும் அவன் தொட்டியைக் கவிழ்த்துக் காலிசெய்தான். தூரிகை எடுத்து முன்வரிசையைத் துலக்கினான். ஒன்பதாவது முடிந்ததும் தூரிகையை அவளிடம் நீட்டினான்.

“பின்னாடி ஒம்பதும் உன்னுது” என்றான்.

மாரிவோன் மண்டியிட்டாள். அதே ஈரம், அதே முழங்கால், மூன்று வருஷம் கூடியிருந்தது. ஒவ்வொரு குழாயாகக் கையை விட்டுத் தேய்த்தாள். எர்வே டிராக்டரில் சாய்ந்து சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் எழுந்ததும் வந்தான். தொப்பியைக் கழற்றிச் சக்கரத்தின்மேல் வைத்துவிட்டு, அவனும் மண்டியிட்டான். அந்தச் சங்கத்தில் இத்தனை வருஷத்தில் யாரும் செய்யாததைச் செய்தான். குழாய் குழாயாக விரல் விட்டுப் பார்த்தான். ஏழாவதில் விரல் நின்றது. ஒரு தானியத்தை எடுத்து அவள் கையில் வைத்தான்.

“ஏழு” என்றான்.

அவள் மறுபடி மண்டியிட்டு ஏழாவதைத் தேய்த்தாள். அவன் மறுபடி முதல் குழாயிலிருந்து ஆரம்பித்தான். அவமானமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை. இந்த இருபது மாதத்தில் அவள் கறந்ததையும் கழுவியதையும் பூட்டியதையும் சரியா தப்பா என்று பார்க்க ஒரு ஆள் இருந்ததில்லை.

“ஒம்பதும் சுத்தம்” என்றான் எர்வே. முற்றத்துக் குழாயில் கை கழுவினான்.

“காப்பி சூடா இருக்கு” என்றாள்.

அவன் அடுக்களைக் கதவைப் பார்த்தான். திறந்திருந்தது. மேசையின் ஒரு முனையும் ஜன்னலோரம் ஜோப் உட்காருகிற நாற்காலியும் தெரிந்தன. ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்தான்.

“என்னால இன்னும் உள்ள வர முடியாது, மாரிவோன். உன்னால இல்ல. அந்த நாற்காலியால.”

தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஏறினான். படலுக்கு வெளியே போய் இறங்கி, படலை இழுத்துச் சாத்திவிட்டுப் போனான். சக்கரச் சத்தம் கல் பாதையில் நெடுநேரம் கேட்டது. அப்புறம் கோழிகள் மட்டும்.

மாரிவோன் உள்ளே வந்தாள். ஈரமாயிருந்த முழங்காலோடு நாற்காலிக்கு எதிரே நின்றாள். கையில் இன்னும் அந்தத் தானியம் இருந்தது. அதை மேசையில், ஜோப் கிண்ணம் வைக்கிற இடத்தில் வைத்தாள்.

“பின்னாடி ஒம்பதும் தேச்சாச்சு, ஜோப்” என்றாள்.